மான்வாலுக்கு மஞ்சள் நீராட்டு

1

இந்த வருஷப் பொங்கலுக்கு எங்கள் பக்கத்துத் தமிழர்கள் எல்லாம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் கூடினோம். சர்க்கரைப் பொங்கல் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் ஊருக்குப் புதிது. கல்யாணமாகி நாலு மாதம், மதுரைப் பக்கம், கம்ப்யூட்டர் படித்தவள். கணவனுக்கு ஹெச்-ஒன் விசா, அவளுக்கு ஹெச்-ஃபோர். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஹெச்-ஃபோர் என்றால் இந்த நாட்டில் இருக்கலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம், குளிரில் வழுக்கி விழலாம்; வேலைக்குப் போக மட்டும் கூடாது.

"க்ரீன் கார்டு வர்றதுக்கு முன்னாடி ஏழு வருஷம் வீட்லயே இருந்தீங்களாமே ஆன்ட்டி, என்னதான் பண்ணினீங்க?" என்று கேட்டாள்.

ஆன்ட்டி என்றதே ஒரு குத்து. அதை விடுங்கள். இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாக வைத்திருக்கும் பதில் லைப்ரரி, டிரைவிங், பிள்ளை வளர்ப்பு என்று போகும். அன்றைக்கு என்னவோ உண்மை வந்து விழுந்துவிட்டது.

"பொறாமைப்பட்டேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுத் தட்டை நீட்டினாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த ஏழு வருஷத்தில் ஆறு மாதம் அதை முழுநேர வேலையாகவே செய்தேன், ஒரு நாள் லீவு எடுக்காமல். வரிசை நகர்ந்துவிட்டதால் அவளிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

2

அப்போது அமெரிக்கா வந்து மூன்று வருஷம், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் இருந்தோம். ஒரே அச்சில் வார்த்த நூறு கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு வீடுகள். வந்த புதிதில் இரண்டு முறை அடுத்த கட்டடத்தில் ஏறி அடுத்தவர் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் பெயர் பழனிசாமி. மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆபீசில் அவரைப் 'பால்' என்று கூப்பிட்டார்கள். நாங்கள் இருவருமே ஈரோட்டுக்காரர்கள். மகள் நித்யாவுக்கு ஆறு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் வயது அது. அதற்கப்புறம் அந்த வயது முடியவே இல்லை.

ஊரில் இவர் அதிகம் பேசமாட்டார் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள். அதை ஒரு நல்ல குணமாகத்தான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி ஏழு வருஷமாக, 'சாப்பாடு ஆச்சா', 'பில் கட்டணும்', 'புள்ளைக்கு ஜுரம் விட்டுதா' என்ற மூன்று வகை வாக்கியங்களில் எங்கள் குடித்தனம் ஓடியது. சில ஆண்கள் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஜேனட் வீட்டுக்கு வரும்வரை.

ஜேனட் இவருடைய ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரி. நாற்பது வயதிருக்கும். விவாகரத்தானவள். வெயிலில் சிவந்த முகம், ஆம்பிளைச் சட்டை. அழகில் நான் தோற்றுவிட்டேன் என்று யாரும் பதற வேண்டாம், அந்தக் கதை இல்லை இது. அவளுக்கு ஆற்றில் மீன் பிடிப்பதில் பைத்தியம். புழுவைக் கோர்த்துப் போட்டுவிட்டு உட்காரும் வகை இல்லை. மிருகத்தின் மயிரையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டி, அதைத் தண்ணீரில் சின்ன மீன்குஞ்சு போல நீந்த வைத்து, பெரிய மீனை ஏமாற்றிப் பிடிக்கிற வகை. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் இவரையும் கூட்டிக்கொண்டு போனாள். இவர் ஒன்றும் பிடிக்காமல், உச்சி வரை நனைந்து, முகமெல்லாம் பல்லாக வீடு திரும்பினார்.

அப்புறம் குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசை தூண்டில் கட்டும் பட்டறை ஆனது. மேசை விளிம்பில், முள்ளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் ஒரு சின்ன வைஸை இறுக்குவார்கள். அதில் நீளக் காம்பு வைத்த முள். காம்பு முழுக்க வெள்ளி ஜரிகையை இடைவெளி தெரியாமல் சுற்ற வேண்டும். பிறகு சாயம் ஏற்றிய மான்வாலில் இருந்து ஒரு சிட்டிகை மயிரை வெட்டி, அடியில் இருக்கும் பஞ்சை வாரி எடுத்துவிட்டு, நுனிகளைச் சமமாகத் தட்டி, முள்ளின் தலைப்பக்கம் வைத்துக் கறுப்பு நூலால் கட்ட வேண்டும். முதலில் மஞ்சள் மயிர், அதன்மேல் சிவப்பு, அதன்மேல் மறுபடி மஞ்சள். கடைசியில் நூல் தலைக்கு வார்னிஷ் ஒரு சொட்டு. கட்டி முடித்ததும் பார்த்தால் சின்னச் சவுரி மாதிரி இருக்கும். நனைந்தால் மீன்.

அந்தப் பஞ்சை வாரி எடுப்பதற்கு இவர் என்னுடைய பேன்சீப்பை எடுத்துக்கொண்டார். ஈரோட்டில் இருந்து நான் கொண்டு வந்த மரச்சீப்பு. கல்யாணமான நாள் முதல் என் தலைமுடியை ஒதுக்கி விடக்கூட நேரமில்லாத மனுஷர், பள்ளிக்கூடம் போகிற மகளுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போடத் தெரியாதவர், செத்துப்போன மானின் வாலை மடியில் போட்டுக்கொண்டு சிக்கெடுத்தார். நுனி முறியாமல், மெதுவாக, ஒவ்வொரு பிடியாக. நான் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு மான்வால் மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

3

ஆனால் உண்மையான பொறாமை வால் மேல் இல்லை, அந்தப் பேச்சின் மேல்.

கை நூலைச் சுற்றச் சுற்ற இவருக்கு வாய் திறந்துகொள்ளும். இங்கிலீஷில் இவர் வேறு ஆள். கேலி செய்வார், மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுவார், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. நான் பஜ்ஜித் தட்டோடு போய் நின்றால் இருவரும் நன்றி சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். மரியாதைக்குத்தான். நான் திரும்பியதும் விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது இவர் ஜேனட்டிடம் சொல்வது காதில் விழுந்தது. எட்டு வயதில் வாய்க்காலில் விழுந்து மதகு வரை அடித்துச் செல்லப்பட்டவரை, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினாளாம். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம் தண்ணீர்ப் பக்கமே போனதில்லையாம். அன்றைக்கு ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது அந்தப் பெண் ஞாபகம்தான் வந்ததாம்.

எனக்கு இது தெரியாது. அவரோடு ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு, ஏழாவது வருஷத்தில், அடுத்தவளுக்குச் சொல்லும்போதுதான் தெரிந்தது. கல்லில் இருந்த தோசை தீய்ந்தது. அன்று சாப்பிடும்போது, வாய்க்கால்ல விழுந்தீங்களாமே என்று கேட்டேன். ஆமா, அது எப்பவோ என்று சொல்லிச் சட்னியை நகர்த்தினார்.

வேறு விதமான பொறாமை என்றால் ஞாயிற்றுக்கிழமை போனில் என் அக்காவிடம் அழுதிருக்கலாம். அவளும் சேர்ந்து அழுவாள், மாமாவை விட்டுக் கேட்கச் சொல்வாள். இதை எப்படிச் சொல்வது? 'அவர் தப்பு ஒண்ணும் பண்ணலக்கா, பேசறாரு' என்றா? ஒரு முறை லேசாகத் தொட்டுப் பார்த்தேன். ஆம்பளைங்க ஆபீஸ்ல நாலு பேருகிட்டப் பேசாம இருக்க முடியுமா என்று அக்கா முடித்துவிட்டாள்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த மேசையில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான். அவர் பேசும்போது அந்தப் பேச்சு என் பக்கமும் வர வேண்டும்.

நித்யாவுக்கு அந்த நாற்காலி கிடைத்திருந்தது. ஜேனட் அவளிடம் நூல் உருண்டையைப் பிடிக்கக் கொடுப்பாள். ஒரு நாள் மேசையைத் துடைக்கும்போது வாலை நகர்த்தினேன். "டோன்ட் டச் இட் அம்மா, இட்ஸ் ஜேனட்ஸ்" என்றாள் என் வயிற்றில் பிறந்தவள்.

4

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். கூடம் என்பது ஜன்னல் இல்லாத ஒரு ரூம், நாலு பீக்கர், ஒரு தராசு. சாயம் ஏற்றிய துணித்துண்டு வரும். நனைத்து, தேய்த்து, வெயிலில் போட்டு, சோப்பில் ஊற வைத்து, சாயம் நிற்கிறதா போகிறதா என்று சொல்ல வேண்டும். நான் 'போகும்' என்று எழுதினால் லாட் முழுதும் திரும்பத் தொட்டிக்குப் போகும். பட்டறை மேஸ்திரி என்னைவிட இருபது வயது மூத்தவர். துண்டை என் மேசையில் வைத்துவிட்டு, 'நிக்குமுங்களா அம்மிணி?' என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்பார். ஒரு ஆள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற காலம் அது.

இவர் என்னைக் கட்டியதே அந்தப் படிப்பைப் பார்த்துத்தான், இரண்டு பேரும் ஒரே சப்ஜெக்ட் என்று. அமெரிக்கா வந்த பிறகு அது எப்படியோ மறந்துபோய்விட்டது. அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும்.

ஏப்ரலில் மீன் பிடிக்கும் பருவம் தொடங்குகிறது. அரசாங்கமே லாரியில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து ஆற்றில் விடும். அப்புறம் அதைப் பிடிக்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வருஷம் பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை, இவர் வேலைக்குப் போகும்போது மேசைமேல் ஒரு புது வாலை வைத்துவிட்டுப் போனார். ஜேனட்டின் அண்ணன் வேட்டையாடியது. தோலோடு, எலும்பு எடுத்து, உப்புப் போட்டுக் காயவைத்தது. முழு வெள்ளை. சாயமேற்றிய வால்கள் தீர்ந்துவிட்டனவாம். சாயங்காலம் ஜேனட் எங்கிருந்தாவது கொஞ்சம் சிவப்பும் மஞ்சளும் தேடிக் கொண்டுவருவாளாம்.

நாங்கள் கறி தின்கிறவர்கள்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை, சாமி அலமாரிக்கு எதிரே, சாப்பிடுகிற மேசையில், கவிச்சி அடிக்கும் ஒரு வால். ஒரு கை மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தேன். எங்கள் வீடுகளில் தீட்டுப் போக அதைத்தான் செய்வார்கள். தெளித்த இடத்தில் வெள்ளை மயிர் பளிச்சென்று மஞ்சளானது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நான் செய்ததைத் தீட்டின் தலையில் கட்ட முடியாது.

பெரிய குண்டாவில் வெந்நீர் வைத்தேன். கொதிக்கவிடவில்லை; கொதித்தால் தோல் சுருங்கி மயிர் உதிரும் என்று எனக்குத் தெரியும். ஈரோட்டு மஞ்சள்தூள், கொஞ்சம் படிகாரம். வாலை முக்கி எடுத்து அலசியபோது அது பட்டுப்புடவைக் கரை மாதிரி மின்னியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாதி வாலை வெட்டி, ஆரத்திக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து அதில் முக்கினேன். ஆரத்தித் தட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மஞ்சள் சிவந்தது. ஹேர் டிரையரால் காயவைத்தேன்.

அந்தச் சிவப்பு நிற்காது. சுண்ணாம்பு இருக்கும்வரைதான் மஞ்சள் சிவப்பாக இருக்கும். ஓடுகிற தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்துபோனால் அது மறுபடி மஞ்சள்தான். என் சோதனைக்கூடத்துக்கு இப்படி ஒரு துண்டு வந்திருந்தால் நனைத்துக்கூடப் பார்க்காமல் 'போகும்' என்று எழுதியிருப்பேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் மேசையைப் பார்த்து அசந்துபோனார்கள். ஜேனட் சிவப்பு மயிரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். கடைச் சாயத்தில் இந்த உயிர் வராது என்றாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, நல்லா இருக்கே, எப்படிப் பண்ணினே என்று கேட்டார். சமையல் மஞ்சள்தாங்க என்றேன். சரி என்று வைஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஆளுக்கு ஆறு கட்டினார்கள்.

5

சனிக்கிழமை முழுதும் நான் எதிர்பார்த்தது என்ன என்று மறைக்காமல் எழுதுகிறேன். எல்லாரும் பார்க்க இருவரும் அசடு வழிய வேண்டும். ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழ வேண்டும். முகத்தைத் தூக்கிக்கொண்டு தனித்தனியாக வீடு திரும்ப வேண்டும்.

மதியம் கார் வந்தது. கதவு திறப்பதற்கு முன்னாலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டாவது வீச்சிலேயே சிவப்பு காணாமல் போய்விட்டதாம். இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாராம். ஜேனட் தன் முள்ளை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பக்கத்து ஆளிடம் சண்டைக்கே போனாளாம். இதைச் சொல்லிச் சொல்லி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மீன் ஒன்றும் விழவில்லை, அதுவும் சிரிப்புக்குத்தான். அவர்கள் இரண்டு பேருக்குமாக ஆயுளுக்கும் நினைத்துச் சிரிக்க நானே ஒரு கதையைச் சமைத்துக் கொடுத்திருந்தேன். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இவர் நித்யாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போன நேரத்தில், கதவு தட்டும் சத்தம். ஜேனட் தனியாக நின்றாள். கையில் வெளுத்துப்போன தூண்டில்.

பால் இல்லை என்றேன். தெரியும், உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்றாள். உள்ளே வந்து, என்றைக்கும் அவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது ஏன் போயிற்று என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். பாலுக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்" என்றாள்.

ஆறு மாதமாக நான் மனசுக்குள் திட்டி வந்த ஒருத்தி, நான் அமெரிக்கா வந்த மூன்று வருஷத்தில் முதல்முதலாக என்னைக் கெமிஸ்ட்ரியில் ஒரு கேள்வி கேட்டாள். நான் என்ன செய்ய? மூன்று கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்தேன். மூன்றிலும் மஞ்சள் தண்ணீர். ஒன்றில் சுண்ணாம்பு போட்டேன், சிவந்தது. அதில் வினிகர் விட்டேன், பழையபடி மஞ்சள். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி சிவப்பு. ஜேனட் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வினிகரைத் தன்னிடம் கொடு என்று வாங்கித் தானே ஊற்றிப் பார்த்தாள். என் இங்கிலீஷ் அன்றைக்குத் தடுக்கவில்லை. பட்டறையைப் பற்றிச் சொன்னேன். நிற்கிற சிவப்பு வேண்டுமென்றால் என்ன செய்யலாம் என்று கேட்டாள். அலமாரியில் நித்யா கலக்கிக் குடிக்கும் செர்ரிப் பொடி இருந்தது. அது சிந்திய கம்பளத்தை நான் எட்டு முறை தேய்த்தும் போகவில்லை. அதில் இருப்பது அமிலச் சாயம், கம்பளியையும் மயிரையும் பிடித்தால் விடாது, வினிகரும் சூடும் போதும் என்றேன். உடனே அடுப்பைப் பற்றவைத்தோம்.

போகும்போது வாசலில் நின்று, அந்தச் சிவப்பு போய்விடும் என்று முன்பே தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். பொய். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீயும் ஆற்றுக்கு வர வேண்டும் என்றாள்.

6

ஆற்றுக்குப் போக லைசென்ஸ் வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் தருகிறார்கள். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் இந்த மாநிலத்தில் ஆறு மாதம் வசிப்பதற்கு அத்தாட்சி கேட்டாள். கரண்டு பில் அவர் பெயரில். போன் அவர் பெயரில். பேங்க் அவர் பெயரில். கார் ஓட்ட எனக்கு அப்போது தெரியாது. நான் மூன்று வருஷம் இந்த ஊரில் மூச்சுவிட்டதற்கு ஒரு காகிதம் இல்லை. கடைசியில் வாடகை ஒப்பந்தத்தில், குடியிருப்போர் என்ற தலைப்பின் கீழ், நித்யாவின் பெயருக்கு மேலே என் பெயர் இருந்தது. அந்த அம்மாள் அதன்மேல் விரலை வைத்து, இது போதும் என்றாள். பிறகு உயரம், கண் நிறம், முடி நிறம் கேட்டுக் கையால் எழுதினாள். யாருடைய மனைவி என்று கேட்கவில்லை. அமெரிக்காவில் எனக்கென்று, எனக்காக மட்டும் எழுதப்பட்ட முதல் காகிதம் மீன் பிடிக்கும் அனுமதிதான். அதை வெளியே தெரிகிற மாதிரி உடுப்பில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். சட்டம் சொல்லாவிட்டாலும் குத்தியிருப்பேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை ராரிட்டன் ஆற்றின் தெற்குக் கிளைக்குப் போனோம். நித்யாவை எதிர்வீட்டில் விட்டிருந்தோம். நான் சுடிதாருக்கு மேல் ஜேனட்டின் ரப்பர் கால்சராயை மாட்டியிருந்தேன். அது மார்பு வரை வந்து, நடந்தால் கிரீச்சிட்டது. இவர் என்னைப் பார்த்து வழுக்கும், பாத்துப் போ என்று சொல்லிவிட்டு வளைவுக்குக் கீழே அவருடைய வழக்கமான இடத்துக்குப் போய்விட்டார். செர்ரிச் சிவப்பில் கட்டிய தூண்டில் எங்கள் மூன்று பேரிடமும் இருந்தது.

முதல் நாலு வீச்சும் பின்னால் இருந்த மரத்தில் மாட்டிக்கொண்டன. ஐந்தாவதை வீசவே வேண்டாம், தண்ணீரில் விடு, ஆறே கொண்டுபோகும் என்றாள் ஜேனட். விட்டேன். நூல் நீண்டு, வளைந்து, நின்றது. இப்போது சின்னச் சின்னதாக இழு, நிறுத்து, இழு என்றாள். தெளிந்த தண்ணீரில் அந்தச் சவுரி சுருங்கி விரிந்து ஒரு குஞ்சு மீனாகத் திரும்புவதைப் பார்த்தேன். நனைந்த சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனை எதிர்பார்க்கவே இல்லை. அதனால் இழுப்பு வந்தபோது கத்திவிட்டேன். ஒரு முழம்கூட இருக்காது. பழுப்பு உடம்பு, சிவப்புப் புள்ளிகள். ஜேனட் வலையைப் போட்டு எடுத்து என் கையில் வைத்தாள். குளிர்ந்து, துள்ளி, கனமாக இருந்தது. தண்ணீரில் விட்டுவிட்டேன்.

அப்புறம் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். மீன் பிடித்த சந்தோஷத்தில் வாய் திறந்துகொண்டது.

"எனக்குத் தெரியும் ஜேனட். அந்தச் சிவப்பு போகும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை" என்றேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். "நானாக இருந்தால் வாலையே எரித்திருப்பேன்" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் வந்துவிட்டது. தன் கணவன் சீட்டாட்டக் கூட்டாளிகளிடம் பேசின பேச்சில் பாதியைத் தன்னிடம் பேசியிருந்தால் இன்றைக்கு விவாகரத்தே ஆகியிருக்காது என்றாள். அதைச் சொல்லும்போது சிரிப்பு நின்றது. அடுத்த நிமிஷமே, ரப்பர் கால்சராயோடு நான் கத்தினதை அவள் நடித்துக் காட்ட மறுபடி தொடங்கியது. ஒரு மணி நேரம் பேசியிருப்போம். கீழே வளைவில் இவர் நூலைச் சுருட்டி, தூண்டில் கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். வந்து உட்காரவும் இல்லை, மீன் பிடிக்கவும் இல்லை.

ஜேனட் அங்கிருந்து அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். அவர் பேசாதது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது, இருக்கையில் நெளிந்துகொண்டே இருந்தார்.

"அப்படி என்ன பேசிச் சிரிச்சீங்க ரெண்டு பேரும்?" என்றார் கடைசியில்.

"அந்தச் செவப்பு நிக்காதுன்னு எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன். அதைச் சொன்னனுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் சொல்ல வேண்டியதைக்கூட வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்.

"எனக்குச் சொல்றதுக்கு முன்னால அவகிட்டச் சொன்னியா?" என்றார்.

திட்டுகிற குரல் இல்லை அது. அந்தக் குரல் எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதமாக அது எனக்குள்ளேதான் ஓடிக்கொண்டிருந்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆமாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அந்த நாற்பது நிமிஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.